வீட்டுக் கணக்கில் ‘ஆரோக்கியம்’ என்று எழுதிய 26,400 ரூபாய்

#1 கணக்குநோட்டு (கோவில்பட்டி)

பன்னிரண்டு வருடமாக வீட்டு வரவு செலவு எழுதி வருகிறேன். மளிகை, பள்ளிக் கட்டணம், பெட்ரோல், மொய் என்று ஒவ்வொன்றுக்கும் தனிப் பக்கம். நாலு வருடத்துக்கு முன் ‘ஆரோக்கியம்’ என்று புதிதாக ஒரு பக்கம் ஆரம்பித்தேன். கொரோனாவுக்குப் பிறகு எல்லோருக்கும் வந்த ஞானம் எனக்கும் வந்தது, அவ்வளவுதான்.

சென்ற வருடம் அந்தப் பக்கத்தின் கூட்டுத்தொகை 26,400. நாட்டுச்சர்க்கரை, மலைத்தேன், இந்துப்பு, மரச்செக்கு எண்ணெய், சத்துமாவு டப்பா, சியா விதை, கற்றாழைச் சாறு.

அதே வருடம் ஆடி வெள்ளிக்கு அம்மா கோவிலுக்குப் போனார். உச்சி வெயிலில் வெறுங்காலோடு பிராகாரம் சுற்றினார். கூட வந்தவர்கள் எல்லாம் குதித்துக் குதித்து நிழலுக்கு ஓட, அம்மா மட்டும் நிதானமாக நடந்து வந்து, “இன்னைக்குக் கல்லு ஒண்ணும் சுடலையே” என்றாராம். எல்லோரும் அம்மன் அருள் என்றார்கள். உள்ளங்காலில் கொப்புளம் வந்து உடைந்து, வாடை அடிக்க ஆரம்பித்த பிறகுதான் எங்களுக்கே தெரிந்தது. மருத்துவமனையில் பார்த்தபோது சர்க்கரை 386. அம்மாவுக்குச் சர்க்கரை நோய் இருக்கிறது என்பதே அன்றைக்குத்தான் தெரியும். ஒரு விரலை எடுத்துவிட்டார்கள். தனியார் மருத்துவமனை, 14 நாள், 1,83,000 ரூபாய்.

எனக்கு உறுத்துவது அந்தப் பில் இல்லை. 26,400 ரூபாயில் ஒரு ரூபாய்கூட அம்மாவின் ரத்தத்தைப் பரிசோதிக்கச் செலவாகவில்லை. எங்கள் தெரு லேபில் வெறும் வயிற்றில் ஒன்று, சாப்பிட்ட பின் ஒன்று, இரண்டும் சேர்த்து 120 ரூபாய்.

அதனால் கேட்கிறேன். உங்கள் வீட்டில் உண்மையிலேயே மருத்துவச் செலவைக் குறைத்த பழக்கம் எது? பொருள் பெயர் வேண்டாம், பழக்கம் வேண்டும். கணக்கோடு சொன்னால் இன்னும் நல்லது.

#2 நர்ஸக்கா (தென்காசி மாவட்டம்)

தம்பி, படிக்கவே கஷ்டமாக இருந்தது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் 19 வருடமாக வேலை பார்க்கிறேன். “கல்லு சுடலை”, “செருப்பு கழண்டது தெரியலை”, “முள்ளு குத்துனது தெரியலை”. இந்த மூன்றையும் வாரத்துக்கு ஒருவர் வாயிலாவது கேட்கிறேன். சர்க்கரை பல வருடம் கட்டுப்பாடில்லாமல் இருந்தால் கால் நரம்புகளில் உணர்வு போய்விடும். வலித்தால் ஓடி வருவார்கள். வலிக்காது என்பதுதான் இதில் பிரச்சினையே.

தூண்டில் நரம்பு மாதிரி ஒரு நைலான் இழை இருக்கிறது. அதைப் பாதத்தில் அங்கங்கே வைத்து, வளைகிற அளவுக்கு அழுத்துவோம். தெரிகிறதா இல்லையா என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்ல வேண்டும். இரண்டு நிமிட வேலை. சர்க்கரை உள்ளவர்களுக்கு வருடத்துக்கு ஒரு தடவையாவது இதைச் செய்ய வேண்டும். அம்மாவுக்கு முன்பே செய்திருந்தால் அன்றைக்கு வெறுங்காலோடு விட்டிருக்க மாட்டீர்கள்.

இனி வீட்டில் செய்ய வேண்டியது: ராத்திரி படுக்கும் முன் பாதத்தை யாராவது டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும். விரல் இடுக்கில் ஈரம் நிற்கக் கூடாது. குதிகாலில் தேங்காய் எண்ணெய் தடவலாம், விரல் இடுக்கில் வேண்டாம். ஆணிக்காலை பிளேடால் சீவவே கூடாது. செருப்பைப் போடும் முன் ஒரு தடவை கவிழ்த்துத் தட்ட வேண்டும், உள்ளே கல் இருக்கும். எம்.சி.ஆர். செருப்பு (சர்க்கரை உள்ளவர்களுக்கான மெத்தென்ற ரப்பர் செருப்பு) வாங்கிக் கொடுங்கள், வீட்டுக்குள்ளும் போடச் சொல்லுங்கள். வீட்டுக்குள் செருப்பா என்று சண்டை வரும். வரட்டும்.

30 வயது தாண்டிய யாரும் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வந்தால் பி.பி.யும் சுகரும் காசில்லாமல் பார்த்துக்கொள்ளலாம். இருந்தால் மாத்திரையும் இலவசம். 2021 ஆகஸ்ட் 5ஆம் தேதி கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ தொடங்கியதிலிருந்து வீட்டுக்கே வந்தும் கொடுக்கிறார்கள். ஆனாலும் “அரசாங்க மாத்திரைக்குப் பவர் இல்லை” என்று வாங்கி அலமாரியில் வைத்துவிட்டு, மருந்துக்கடையில் காசு கொடுத்து அதே மருந்தை வேறு பெயரில் வாங்குகிறவர்கள் எங்கள் ஊரில் உண்டு. அவர்களை என்ன சொல்ல?

#3 கம்மங்கூழ்

மன்னிக்க வேண்டும், எனக்கு இதில் உடன்பாடில்லை. எங்கள் தாத்தா 91 வயது வரை ஒரு மாத்திரை போட்டதில்லை. கம்பு, கேழ்வரகு, நீராகாரம். வெள்ளைச் சர்க்கரை, பாலிஷ் அரிசி, பாக்கெட் எண்ணெய் வந்த பிறகுதான் இந்த நோய்கள் எல்லாம். நீங்கள் 26,400 செலவழித்தது தவறில்லை. 20 வருடம் தாமதமாகச் செலவழித்தீர்கள், அதுதான் தவறு. பரிசோதனை, மாத்திரை என்று ஆரம்பித்தால் அதற்கு முடிவே கிடையாது.

#4 கணக்குநோட்டு

ஐயா, உங்கள் தாத்தா ஒரு நாளைக்கு எத்தனை கிலோமீட்டர் நடந்தார்?

#5 கம்மங்கூழ்

காட்டுக்குப் போய்வர மூன்றும் மூன்றும் ஆறு. சரி, என்ன சொல்ல வருகிறீர்கள் என்று புரிகிறது.

#6 நர்ஸக்கா

கூழ் அண்ணன் கோபித்துக்கொள்ளக் கூடாது. கேழ்வரகு நல்ல தானியம். அரிசியில் பேருக்குத்தான் கால்சியம், கேழ்வரகில் 100 கிராமுக்கு 300 மில்லிகிராமுக்கு மேல். ஆனால் மாவுச்சத்து என்று பார்த்தால் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. நைசாக அரைத்த மாவில் களி கிண்டி மூன்று உருண்டை சாப்பிட்டால் சர்க்கரை ஏறத்தான் செய்யும். “சோத்தை விட்டுட்டுக் களிதான் சாப்பிடுறேன், எப்படி ஏறுச்சு?” என்று வருகிறவர்களிடம் உருண்டை எத்தனை என்றுதான் முதலில் கேட்பேன்.

நாட்டுச்சர்க்கரை, தேன், கருப்பட்டி எல்லாமே சர்க்கரைதான். இந்துப்பும் உப்புதான், அதில் இருப்பதும் பெரும்பகுதி சோடியம் குளோரைடு. நிறமும் விலையும் மட்டும் வேறு.

#7 வித்தவுட் மாஸ்டர் (திருப்பூர்)

அக்கா சர்க்கரை என்றதும் ஞாபகம் வந்தது. 22 வருடமாக டீக்கடை வைத்திருக்கிறேன், எனக்கு இந்த விஷயத்தில் கொஞ்சம் பாத்தியதை உண்டு.

ஒரு கிளாஸுக்கு இரண்டு ஸ்பூன். அளந்து பார்த்திருக்கிறேன், எட்டிலிருந்து பத்து கிராம் வரும். கம்பெனி ஆட்கள் ஷிப்டுக்கு நாலு டீ குடிப்பார்கள். சராசரி 9 கிராம் என்று வைத்தாலும் நாளுக்கு 36 கிராம். மாதம் ஒரு கிலோவுக்கு மேல், டீயில் மட்டும். வீட்டில் காபி, சனிக்கிழமை கேசரி எல்லாம் தனி.

எனக்கு 41 வயதில் சுகர் வந்தது. அன்றிலிருந்து நான் வித்தவுட். முதல் பத்து நாள் வாயில் வைக்க முடியவில்லை. மூன்றாவது வாரம் மறந்துபோய்ச் சர்க்கரை போட்ட டீயைக் குடித்துவிட்டுத் துப்பினேன், பாயசம் மாதிரி இருந்தது. நாக்கு அவ்வளவுதான், மூன்று வாரத்துக்குமேல் அடம் பிடிக்காது.

கடையில் ஒரு சின்ன மாற்றம் செய்தேன். முன்பெல்லாம் சர்க்கரை போட்டே ஆற்றுவோம், வேண்டாதவர்கள்தான் “வித்தவுட்” என்று சொல்ல வேண்டும். இப்போது ஒரு ஸ்பூன்தான் போடுகிறேன், பற்றாதவர்கள் கேட்கலாம். பத்துப் பேரில் ஏழு பேர் கேட்பதே இல்லை. எனக்கு மாதம் 20 கிலோ சர்க்கரை மிச்சம். நோய்த் தடுப்பு என்று நினைத்துச் செய்யவில்லை, சர்க்கரை விலை ஏறியபோது செய்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

#8 தேக்கா வாசி (சிங்கப்பூர்)

மாஸ்டர் சொல்லும் ‘வித்தவுட்’ இங்கே ‘கொசோங்’. மலாயில் வெறுமை, சைபர் என்று பொருள். தேக்கா சந்தையில் சீனத்து ஆத்தா முதல் நம் ஊர்ப் பெரியவர் வரை “தே கொசோங்” என்பார்கள்.

2022 டிசம்பர் 30 முதல் இங்கே பாட்டில், டின், பாக்கெட் பானங்களுக்குச் சர்க்கரையையும் கொழுப்பையும் வைத்து ஏ, பி, சி, டி என்று தரம் கொடுக்கிறார்கள். சி, டி வாங்கியவை அந்த முத்திரையை முன்பக்கத்தில் போட்டே ஆக வேண்டும். 100 மில்லிக்குப் பத்து கிராமுக்கு மேல் சர்க்கரை இருந்தால் டி. டி பானத்துக்கு விளம்பரம் கிடையாது. ஒரு வருடம் கழித்துக் கடையில் கலந்து கொடுக்கும் பானங்களுக்கும் இது வந்தது.

என் மகள் ஏழு வயதுக்காரி, கடையில் டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்து “அப்பா, இது டி” என்று திரும்ப வைத்துவிடுகிறாள். டி என்றால் பரீட்சையில் ஃபெயில் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள். நான் திருத்தவில்லை.

#9 நடுநிசி லாரி

எல்லாம் சரி. படிக்க நன்றாக இருக்கிறது. நான் நாமக்கல்லில் ஏறினால் நாக்பூரில்தான் இறங்குவேன். வழியில் தாபாவில் என்ன இருக்கிறதோ அதுதான் சாப்பாடு. கீரை, காய், அரை மணி நேர நடை எல்லாம் மாதச் சம்பளக்காரர்களுக்கு. காய் விற்கிற விலையில் பரோட்டாதான் மலிவு. நாலு பரோட்டா சாப்பிட்டால் எட்டு மணி நேரம் பசிக்காது. ஆரோக்கியத்தால் பணம் மிச்சம் என்று சொல்கிறவர்கள் முதலில் எங்கள் வண்டியில் ஒரு ட்ரிப் வாருங்கள்.

#10 கணக்குநோட்டு

அண்ணா, நீங்கள் சொல்வது நியாயம். வர ஆசைதான், முதுகு தாங்காது.

ஒன்று மட்டும் கேட்கிறேன். சாப்பாட்டை மாற்ற முடியாது, சரி. லோடு இறக்கும் இடத்தில் சும்மா காத்திருப்பது எவ்வளவு நேரம்?

#11 நடுநிசி லாரி

சில நேரம் நாலு மணி. சில நேரம் ஒரு நாள். கேபினில் படுத்து ரீல்ஸ் பார்ப்பேன். புரிகிறது, புரிகிறது. உங்கள் எல்லோரிடமும் இந்த ஒரு கேள்விதான் இருக்கிறது போல.

#12 மாடித்தோட்டம் (சென்னை)

நடை என்றதும் சொல்லத் தோன்றியது. சர்க்கரை நோய்க்கு முந்தைய கட்டத்தில் இருந்த 531 பேரை வைத்துச் சென்னையில் ஒரு ஆய்வு நடந்தது. முடிவு வெளியானது 2006இல். மூன்று வருடத்தில், எதுவும் செய்யாத பிரிவில் நூற்றுக்கு 55 பேர் சர்க்கரை நோயாளி ஆகிவிட்டார்கள். நடையும் சாப்பாட்டு மாற்றமும் சொல்லிக்கொடுத்துத் தொடர்ந்து கவனித்த பிரிவில் 39 பேர். மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரை மட்டும் கொடுத்த பிரிவிலும் கிட்டத்தட்ட அதே அளவுதான், 40 பேர் போல. இரண்டையும் சேர்த்துச் செய்ததில் கூடுதல் லாபம் இல்லை.

நான் இதில் பார்ப்பது வேறு. அத்தனை கவனிப்புக்குப் பிறகும் 39 பேருக்கு வந்திருக்கிறது. அதனால் “நடந்தேன், ஆனாலும் வந்துவிட்டது” என்று சொல்கிறவரைத் தயவுசெய்து யாரும் குற்றவாளியாகப் பார்க்காதீர்கள். என் கணவர் அப்படி ஒருவர். எங்கள் குடும்பத்தில் ஒவ்வொரு விசேஷத்திலும் “நீ நடக்கலையாப்பா?” என்று அவரைக் கேட்டே சாகடிக்கிறார்கள்.

கூடவே ஒன்று. டெங்குச் செலவை மறந்துவிடாதீர்கள். ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து பறக்கிற நிலைக்கு வர ஏழிலிருந்து பத்து நாள் ஆகும். ஞாயிற்றுக்கிழமை தோறும் தொட்டித் தட்டு, ஃப்ரிட்ஜ் பின்னால் இருக்கும் தட்டு, மாடியில் கிடக்கும் சிரட்டை எல்லாவற்றையும் கவிழ்த்தால் போதும். செலவு சைபர், கொசோங்.

#13 ஒற்றைச் சிறுநீரகம் (மதுரை)

நாட்கணக்காக இதைப் படித்துக்கொண்டு எழுதலாமா என்று யோசித்தேன். எழுதிவிடுகிறேன்.

எனக்குப் பி.பி. 34 வயதில் தெரிந்தது. தலைவலி இல்லை, மயக்கம் இல்லை, ஒன்றும் இல்லை. மூன்று மாதம் மாத்திரை போட்டேன், நார்மல் வந்தது, நிறுத்திவிட்டேன். நார்மல் வந்ததே மாத்திரையால்தான் என்று எனக்கு உறைக்கவில்லை. கூடவே மூட்டு வலிக்கு மருந்துக்கடையில் சொல்லி வாங்கிய வலி மாத்திரை, தினம் ஒன்று, இரண்டு வருடம். சீட்டு யாரும் கேட்கவில்லை. 43 வயதில் கிரியாட்டினின் (சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவு, ஒன்றை ஒட்டி இருக்க வேண்டும்) 7ஐத் தாண்டியது. வாரம் மூன்று தடவை டயாலிசிஸ், ஒவ்வொரு தடவையும் நாலு மணி நேரம். முதல்வர் காப்பீட்டுத் திட்டத்தில் சிகிச்சைக்குக் காசில்லை. ஆனால் போய்வர ஆட்டோ, கூட வருகிறவரின் சம்பளம், என் வேலை? அதை எந்தக் காப்பீட்டில் எழுதுவது? கடைசியில் என் அக்கா கொடுத்தார். இப்போது இரண்டு பேருக்கும் ஆளுக்கு ஒன்று.

உப்பைப் பற்றி யாரும் பேசவில்லை. உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு ஒரு ஆளுக்கு நாளுக்கு 5 கிராமுக்குக் கீழ். அளக்க வேண்டாம். கணக்குநோட்டு அண்ணனுக்குப் பிடித்த மாதிரி சொல்கிறேன்: நாலு பேர் உள்ள வீட்டில் ஒரு கிலோ பாக்கெட் 50 நாளாவது வர வேண்டும். உங்கள் வீட்டில் எத்தனை நாள் வருகிறது என்று பாக்கெட்டின் மேல் தேதி எழுதி வைத்துப் பாருங்கள். அப்பளம், வடகம், கருவாடு, கடை ஊறுகாய், மிக்சர் எல்லாம் இந்தக் கணக்கில் வராது, அதையும் மனதில் வையுங்கள்.

#14 கணக்குநோட்டு

இப்போதுதான் நோட்டைப் புரட்டினேன். நாங்கள் நாலு பேர். மாதம் இரண்டு பாக்கெட். அதாவது 15 நாளுக்கு ஒன்று. வெட்கமாக இருக்கிறது. மாங்காய் போட்ட மாதத்தைத் தள்ளிவிட்டுத்தான் சொல்கிறேன்.

சோடியம் குறைத்த உப்பு என்று கடையில் பார்த்தேன். வாங்கலாமா?

#15 ஒற்றைச் சிறுநீரகம்

அம்மாவுக்குக் கேட்காமல் வாங்காதீர்கள். அதில் சோடியத்தில் ஒரு பங்கை எடுத்துவிட்டுப் பொட்டாசியம் சேர்த்திருப்பார்கள். சிறுநீரகம் நன்றாக இருப்பவர்களுக்கு நல்லதுதான். சீனாவில் 600 கிராமங்களில் கிட்டத்தட்ட 21,000 பேரை வைத்துப் பார்த்தார்கள், 2021இல் முடிவு வந்தது. அந்த உப்புக்கு மாறியவர்களிடம் பக்கவாதம் 14 சதவீதம் குறைவு. ஆனால் சிறுநீரகம் பழுதான ஆளுக்குப் பொட்டாசியம் ஏறினால் இதயமே நின்றுவிடும். சில பி.பி. மாத்திரைகள் போடுகிறவர்களுக்கும் ஆகாது. நீண்ட நாள் சர்க்கரை இருந்திருக்கிறது என்றால் முதலில் சிறுநீரில் அல்புமின் என்ற புரதம் கசிகிறதா என்றும் ரத்தத்தில் கிரியாட்டினினும் பாருங்கள். அதற்குப் பிறகு உப்புக் கடைக்குப் போகலாம்.

#16 நர்ஸக்கா

தம்பி சொன்னது அத்தனையும் சரி. “நார்மல் ஆயிடுச்சு, நிறுத்திட்டேன்” என்பதை எங்கள் சுவரில் பெரிய எழுத்தில் எழுதிக் குறுக்கே கோடு போட்டு மாட்ட வேண்டும் என்று எனக்கு நெடுநாள் ஆசை.

#17 மட்டுறுத்துநர்

‘மூலிகைப் பொடி 48 நாளில் சர்க்கரை போகும்’ என்று தொலைபேசி எண்ணோடு வந்த மூன்று பதிவுகளை நீக்கியிருக்கிறேன். மாத்திரையை நிறுத்தச் சொல்லும் பதிவு எதுவாக இருந்தாலும் நீக்கப்படும். விவாதம் தொடரலாம்.

#18 கம்மங்கூழ்

என்னை நினைத்துச் சொல்லவில்லை என்று நம்புகிறேன்.

இந்த இழையைப் படித்துவிட்டுப் போன வாரம் நானும் மனைவியும் லேபுக்குப் போனோம். அவளுக்கு எல்லாம் சரி. எனக்கு எச்பிஏ1சி, அதாவது மூன்று மாதச் சர்க்கரையின் சராசரி காட்டும் பரிசோதனை, 6.1. 5.7க்குக் கீழ் இருந்தால் நல்லது, 6.5 என்றால் நோய், நான் நடுவில் நிற்கிறேன் என்றார்கள். 30 வருடமாகக் கூழ் குடிக்கிற ஆளுக்கு இது என்ன நியாயம்? கூழோடு தினம் நாலு மோர் மிளகாய், ஊறுகாய், சாயங்காலம் கருப்பட்டிக் காபி இரண்டு. அக்கா சொன்ன மாதிரி உருண்டையை எண்ண ஆரம்பித்திருக்கிறேன். காட்டுக்கு பைக்கில் போவதை நிறுத்திவிட்டு நடக்கிறேன். தாத்தா போன அதே ஆறு கிலோமீட்டர். அவருக்கு மூச்சு வாங்கியதாக ஞாபகம் இல்லை, எனக்கு வாங்குகிறது.

#19 வித்தவுட் மாஸ்டர்

அண்ணா, கருப்பட்டிக் காபியும் வித்தவுட்டாகக் கிடைக்கும். அதற்குப் பெயர் கடுங்காப்பி.

#20 நடுநிசி லாரி

ஜபல்பூரில் லோடுக்காக ஆறு மணி நேரம் நின்றேன். யார்டைச் சுற்றி ஒரு மணி நேரம் நடந்தேன். காவலாளி திருடன் என்று நினைத்து மூன்று தடவை நிறுத்திக் கேட்டார். ஒரு ட்ரிப்பை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. ஆனால் பரோட்டா நாலிலிருந்து மூன்றாகி, ஒரு முட்டை சேர்ந்திருக்கிறது. செலவு குறையவில்லை, அதே தொகைதான். ஆனால் ராத்திரி வண்டி ஓட்டும்போது கண் செருகுவது கொஞ்சம் குறைந்த மாதிரி இருக்கிறது.

#21 கணக்குநோட்டு

நாலு மாதம் ஆகிவிட்டது, கணக்கைப் போட்டுவிடுகிறேன்.

எம்.சி.ஆர். செருப்பு இரண்டு ஜோடி (வீட்டுக்குள் ஒன்று, வெளியே ஒன்று) 1,300. லேப் நாலு தடவை 480. எச்பிஏ1சி, கிரியாட்டினின், சிறுநீர் அல்புமின் ஒரு தடவை 850. டார்ச் 150. மாத்திரை ஆரம்ப சுகாதார நிலையத்தில், 0. மொத்தம் 2,780. அம்மாவின் எச்பிஏ1சி 11.2இலிருந்து 7.6. கிரியாட்டினின் பரவாயில்லை என்றார்கள். உப்புப் பாக்கெட் இப்போது 31 நாள் வருகிறது. 50 ஆகவில்லை. மகன் மட்டும் தயிர்ச்சாதத்துக்கு ஊறுகாய் இல்லாமல் சாப்பிட மாட்டேன் என்கிறான்.

வீட்டுக்குள் செருப்புப் போட அம்மாவைச் சம்மதிக்க வைக்க ஏழு வாரம் ஆனது. பூஜை அறை வாசலில் இன்னமும் கழற்றுகிறார். கோவிலுக்குக் காலை ஆறு மணிக்கே கூட்டிப் போகிறேன், கல் சூடேறும் முன். போன வெள்ளிக்கிழமை பிரதட்சணம் முடித்துவிட்டு, கடைசிப் படியில் உட்கார்ந்து காலைத் தானே திருப்பிப் பார்த்தார். நான் சொல்லவில்லை.

‘ஆரோக்கியம்’ பக்கத்தில் மிச்சம் இரண்டு சத்துமாவு டப்பா, ஒரு மலைத்தேன் பாட்டில், பிரிக்காமலே இருக்கிறது. யாருக்காவது வேண்டுமா?

#22 கம்மங்கூழ்

தேனில் தேதி என்ன போட்டிருக்கிறது?